நிற்காத பெட்டிக்குப் புது நம்பர்

மயில்சாமி வீட்டில், கூட்டினால் ஒன்பது வராதவை இரண்டே இரண்டுதான். ஒன்று, அவர் மனைவி ராமாயியின் கோபம்; அதைக் கூட்டவும் முடியாது, கழிக்கவும் முடியாது. மற்றொன்று, மருமகள் தனப்பிரியாவின் செல்போன் நம்பர்.

லாரி ஓட்டிய காலத்தில் பிடித்துக்கொண்ட பழக்கம் அது. நாமக்கல்லில் பிள்ளைக்குப் பெயர் வைக்க எடுத்துக்கொள்வதைவிட வண்டிக்கு நம்பர் வாங்கத்தான் அதிக நாள் எடுத்துக்கொள்வார்கள். மயில்சாமி அதிலும் ஒரு படி மேல். எண்களைக் கூட்டினால் ஒன்பது வர வேண்டும். எட்டு வந்தால் அந்த வண்டியின் நிழலில்கூட நிற்க மாட்டார். ஒரே ஒரு தடவை அவசரத்துக்கு எட்டு வந்த பழைய வண்டி ஒன்றை வாங்கினார். அது தொப்பூர் கணவாயில் மல்லாந்தது. டிரைவர் தூங்கிவிட்டான் என்று ஊரே சொன்னது. தூங்க வைத்ததே எட்டுதான் என்றார் மயில்சாமி. அதற்கு மேல் அவரிடம் யார் பேசுவது?

பிறகு லாரிகளை விற்று, மோகனூர் ரோட்டில் குஞ்சு பொரிக்கும் ஹேச்சரி போட்டார். ஒன்பதும் கூடவே வந்து குடியேறியது. வீட்டுச் செல்போன்கள், மோட்டார் சைக்கிள், பேங்கு லாக்கர் எல்லாமே ஒன்பது. சேலம் சூரமங்கலத்திலிருந்து தனப்பிரியா மருமகளாக வந்து சேர்ந்த முதல் வாரமே, ஒன்பது வரும் சிம் கார்டு ஒன்றை வாங்கி, தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்து நீட்டினார்.

"உன்ற நம்பரு எட்டு வருது அம்மணி. இதப் போட்டுக்க."

தனப்பிரியா தட்டை மரியாதையாக வாங்கிக்கொண்டாள், சிம்மைப் போட்டுக்கொள்ளவில்லை. "மாமா, நான் வேல பாத்தது, படிச்சது, பழகுனவங்க எல்லாமே இந்த நம்பர்லதானுங்க இருக்குது. மாத்துனா எல்லாத்தையும் முதல்ல இருந்து ஆரம்பிக்கோணுமுங்க."

"கண்ணாலமாகி வந்தா எல்லாருந்தான் முதல்ல இருந்து ஆரம்பிக்கிறோம். நானென்ன, எங்கப்பன் ஊட்ட மடியில கட்டிக்கிட்டா வந்தேன்?" என்று கேட்டாள் ராமாயி.

அந்த சிம் அன்றிலிருந்து சாமி அலமாரியில் விபூதித் தட்டுக்கு அடியில் கிடந்தது. மயில்சாமி சண்டை போடவில்லை. ஆனால் எட்டைத் தன் போனுக்குள் விடுவதில்லை என்று மருமகள் நம்பரைப் பதிந்து வைக்காமலே இருந்துவிட்டார். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மகன் நவநீதகிருஷ்ணனைக் கூப்பிடுவார். அவன் முட்டை லோடோடு கேரளத்தில் இருந்தாலும் சரி, "அந்தப் புள்ளைகிட்டச் சொல்லு" என்பார். அடுத்த அறையில் இருக்கும் மருமகளுக்குச் செய்தி பாலக்காடு போய்த் திரும்பி வரும்.

தனப்பிரியாவுக்கு அது உறுத்தியது. கல்யாணத்துக்கு முன்னால் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில், ஊர் ஊராக இருக்கும் ஆஸ்பத்திரிகளின் கம்ப்யூட்டர்களை இருந்த இடத்திலிருந்தே மேய்க்கிற வேலை பார்த்தவள் அவள். நோயாளி படுத்திருக்கும்போது நிறுத்தக் கூடாத பெட்டிகள் அவை. ஓடுகிற பெட்டியை ஓடவிட்டுக்கொண்டே பழுது பார்க்கத் தெரியும் என்பதில் அவளுக்கு நிரம்பவே கர்வம் உண்டு. இங்கே அந்தக் கர்வத்தை வைக்க ஒரு ஆணிகூட இல்லை. "பொண்ணு கம்ப்யூட்டர்ல டைப் அடிக்கும்" என்று மாமியார் வருகிறவர்களிடம் சொல்லும்போது, சிரித்துக்கொண்டே உள்ளே போய்விடுவாள்.

அந்த ஹேச்சரியிலும் ஒரு நிற்காத பெட்டி இருந்தது. நான்கு பெரிய பொரிப்பு மெஷின்களுக்கும் சூடு எவ்வளவு, ஈரம் எவ்வளவு, தட்டுகளை எப்போது சாய்க்க வேண்டும் என்று ஒவ்வொரு நிமிஷமும் சொல்லிக்கொண்டிருக்கிற பழைய கம்ப்யூட்டர். நன்றாக வேலை செய்யும், ஒரு கெட்ட குணத்தைத் தவிர. அணைத்துப் போட்டால் ஞாபகத்தைத் தொலைத்துவிடும். நாளைக்குப் பொரியப் போகிற முட்டையை இன்றைக்கு அடுக்கிய முட்டை என்று நினைத்துக்கொண்டு முதல் நாள் சூட்டைக் கொடுக்கும். ஓட்டுக்குள் குஞ்சு வெந்து போகும். அதை எழுதிக் கொடுத்த ஆள் கடையை மூடிவிட்டு எங்கோ போய்விட்டதால் அந்தக் குணத்தைத் திருத்தவும் வழியில்லை. ஒரு மெஷின் காலியாகும்போது மற்றது நிறைந்திருக்கும். ஆகவே நிறுத்த ஒரு நாளும் வாய்க்கவில்லை. வைத்த நாளிலிருந்து அது நின்றதே இல்லை.

இந்த நிலையில்தான் ஐந்தாவது மெஷின் வந்தது. புதுசு, பளபளவென்று, விலை கூடியது. கம்பெனிக்காரப் பையன் சித்தார்த் வந்து கம்ப்யூட்டரோடு இணைத்துக் கொடுத்த பிறகுதான் முட்டை அடுக்க வேண்டும். ஆனால் மயில்சாமி ஏற்கெனவே நல்ல நாள் பார்த்திருந்தார். வளர்பிறை, பஞ்சமி, எல்லாம் கூடி வந்த முகூர்த்தம். சித்தார்த்தோ ஆந்திராவில் ஒரு வேலையில் மாட்டிக்கொண்டு வர முடியவில்லை. ஆள் வராவிட்டால் என்ன, முகூர்த்தம் வந்துவிட்டதே என்று தேங்காய் உடைத்து, தட்டு தட்டாக முட்டையை அடுக்கிக் கதவைச் சாத்திவிட்டார்.

மெஷின் சூடானது. ஆனால் அதற்குச் சொல்வதற்கு ஆளில்லை. வேலைக்கு இருந்த உண்ணாமலை மணிக்கொரு தரம் நெம்புகோலைப் பிடித்துத் தட்டுகளைச் சாய்த்துக்கொண்டிருந்தாள். ஈரம் மட்டும் கைக்கு அடங்கவில்லை. ஏறினால் ஏறிக்கொண்டே போனது, இறங்கினால் இறங்கிக்கொண்டே வந்தது. இன்னும் ஒரு நாள் இப்படியே விட்டால் உள்ளே இருக்கும் முட்டை கறிக்குக்கூட ஆகாது என்று ராமாயி சொல்லிவிட்டாள்.

காலையில் மயில்சாமி சித்தார்த்தைப் போனில் பிடித்தார். போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்தார்.

"ரொம்ப சுலபம்ங்கய்யா," என்றான் சித்தார்த். "எங்க மெஷின் தன்னோட கம்ப்யூட்டர ஒரே ஒரு நம்பர்லதான் தேடும். அத மெஷின்ல மாத்த முடியாது. உங்க கம்ப்யூட்டர் நம்பர மாத்திட்டு, ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்கன்னா முடிஞ்சுது."

"ஆஃப் பண்ணா நாலு மெஷினும் போச்சே தம்பி. மூணாவதுல நாளைக்குக் குஞ்சு எறங்குது."

"அப்ப அதெல்லாம் எறங்குற வரைக்கும் காத்திருங்க. ஆஃப் பண்ணாம மாத்தறதுக்கு நாங்க பொறுப்பெடுக்க மாட்டோம்."

காத்திருந்தால் ஐந்தாவது போகும். அணைத்தால் நான்கும் போகும். மயில்சாமி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். லாரி மல்லாந்தபோதுகூட அவர் இப்படி உட்கார்ந்ததில்லை என்று ராமாயிக்குத் தோன்றியது.

வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த தனப்பிரியா உள்ளே வந்தாள். "மாமா, நிறுத்தாமயே மாத்தலாமுங்க. நான் மாத்தறனுங்க."

"கம்பெனிக்காரனே ஆகாதுங்கறான் அம்மணி."

"அவரு பொறுப்பெடுக்க மாட்டேன்னு சொன்னாருங்க, ஆகாதுன்னு சொல்லல. நான் எடுத்துக்கறனுங்க."

ராமாயி மருமகளை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"ஆச்சுன்னா அப்பறம் அந்தக் கம்ப்யூட்டர் ரூம்புப் பக்கமே நான் வரமாட்டனுங்க அத்தை. நீங்க குடுத்த சிம்மையே போட்டுக்கிட்டு, நீங்க சொல்ற மாதிரி முதல்ல இருந்து ஆரம்பிக்கிறேன்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் எதைப் பணயம் வைத்துவிட்டோம் என்பது அவளுக்கே உறைத்தது. சொன்னது சொன்னதுதான். மயில்சாமி நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "சரி, என்ன நம்பரு அது?" என்று கேட்டார்.

அங்கேதான் வந்தது வினை. கம்ப்யூட்டரின் நம்பர் புள்ளி புள்ளியாக நான்கு துண்டாக இருக்கும். கடைசித் துண்டு மட்டும்தான் பெட்டிக்குப் பெட்டி மாறும். இப்போது இருப்பது நாற்பத்தைந்து. நாலும் அஞ்சும் ஒன்பது. மயில்சாமி அந்தக் காலத்தில் பக்கத்தில் நின்று போட வைத்தது. புது மெஷின் கேட்பது இருபத்தாறு.

"இருபத்தாறா? ரெண்டும் ஆறும் எட்டு. ஆகாது."

"ஏனுங்க, முட்டை அழுகிட்டிருக்குது, இப்பப் போயி எட்டுங்கறீங்க, ஒன்பதுங்கறீங்க," என்று ராமாயி சீறினாள்.

"ரெண்டையுமே வெச்சுக்கலாமுங்க மாமா," என்றாள் தனப்பிரியா. "ஊட்டுல ஒரு பேரு, பள்ளிக்கூடத்துல ஒரு பேருன்னு ஒருத்தருக்கே ரெண்டு பேரு இருக்கறதில்லீங்களா? அந்த மாதிரி பெட்டிக்கும் ரெண்டு நம்பர் குடுக்கலாம். பழைய நாலும் நாப்பத்தஞ்சுன்னு கூப்பிடட்டும், புதுசு இருபத்தாறுன்னு கூப்பிடட்டும்."

மயில்சாமி கண்ணை மூடிக் கணக்குப் போட்டார். "ஒன்பதும் எட்டும் பதினேழு. ஒண்ணும் ஏழும் எட்டு. இன்னும் மோசம்."

தனப்பிரியாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எண் பார்ப்பதில் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் கூட்டல் கூட்டல்தானே. ஒரு நிமிஷம் யோசித்தவள், சுவரில் தொங்கிய காலண்டரைக் கழற்றிப் பின்பக்கத்தில் முழு நம்பரையும் பெரிதாக எழுதினாள்: 192.168.1.26.

"லாரிக்குக் கடைசி நாலு எண்ணத்தான் கூட்டுவீங்க, சரிங்க மாமா. ஆனா பெட்டிக்கு இது முழுசுமே நம்பருங்க. மொத்தமும் கூட்டிப் பாருங்க."

மயில்சாமி விரலை விட்டு விட்டுக் கூட்டினார். இருபத்தெட்டு வரைக்கும் வாய்விட்டு எண்ணினார். அப்புறம் எட்டைச் சேர்த்தார். "முப்பத்தாறு," என்றார். மறுபடி முதலிலிருந்து கூட்டினார். "மூணும் ஆறும் ஒன்பது."

"ஆமாங்க."

"அப்ப நாப்பத்தஞ்சு?"

"நீங்களே கூட்டுங்க."

அது முப்பத்தேழு வந்தது, பத்து, ஒன்று. இத்தனை வருஷமாக ஒன்பது என்று கும்பிட்டுக்கொண்டிருந்தது ஒன்றாக இருந்திருக்கிறது. மயில்சாமி காலண்டரை மேஜை மேல் கவிழ்த்தார். பிறகு எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். "அப்ப எதுக்கு ரெண்டு? இருபத்தாறே இருக்கட்டும். பழசு அறவே வேண்டாம், எடுத்துப் போடு சாமி."

பெட்டி முன்னறையில், மெஷின்கள் பின்னால் பெரிய கூடத்தில். காற்றாடிச் சத்தத்தில் ஒருவர் கத்துவது மற்றவருக்குக் கேட்காது. ஆகவே மயில்சாமி மெஷின் பக்கம் நின்று போனில் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. அவர் போனில் மருமகள் நம்பர் இல்லை. ராமாயி சொல்லச் சொல்ல, எட்டைத் தொடுகிற முகச்சுளிப்போடு பத்து எண்களையும் அமுக்கினார். அப்போதும் பதிந்து வைக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் புதிதாகவே அமுக்கினார். பிடிவாதத்துக்கும் ஒரு முறை உண்டல்லவா?

தனப்பிரியா பெட்டி முன்னால் உட்கார்ந்தாள். கோயம்புத்தூரை விட்டு வந்த பிறகு இப்படி ஒரு பெட்டி முன்னால் அவள் உட்கார்ந்ததில்லை. விரல்கள் தாமாகவே இடம் கண்டுகொண்டன. முதலில் பழைய நம்பரைத் தொடாமல், பக்கத்தில் இருபத்தாறைச் சேர்த்தாள். ஒரு வரிதான். பெட்டி எதுவும் சொல்லவில்லை. சொல்லாதிருப்பதுதான் அதன் சம்மதம்.

போன் அடித்தது. "புதுசுல பச்ச விளக்கு வந்துருச்சு அம்மணி. தட்டு தானாச் சாயுது. உண்ணாமலை பயந்துக்கிட்டு எட்டி நிக்குது."

"சரிங்க மாமா. இப்பப் பழைய நாலுலயும், பக்கவாட்டுல இருக்கற சின்னப் பொட்டியில நாப்பத்தஞ்ச அழிச்சுட்டு இருபத்தாறு போடோணுமுங்க. ஒவ்வொண்ணா. ஒண்ணு பச்சையான பெறகு அடுத்தது."

மயில்சாமி ஒவ்வொரு மெஷினாகப் போய் மாற்றிவிட்டு ஒவ்வொரு தடவையும் கூப்பிட்டார். மூன்றாவது மெஷினில் மட்டும் கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் மாற்றினார் என்று பிற்பாடு உண்ணாமலை சொன்னாள். உள்ளே குஞ்சு கொத்துகிற சத்தம் அவருக்குக் கேட்டதாம். நான்கும் பச்சையாயின.

இனிப் பழையதை எடுக்க வேண்டும். ராமாயி மருமகளின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். தனப்பிரியா வரியை அடித்தாள். அமுக்கப் போன விரல் நின்றது.

திரையில் இரண்டு நம்பர்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. நாற்பத்தைந்து மேலே தலைவனாக. இருபத்தாறு அதன் கீழே, துணை என்ற அடையாளத்தோடு. தலைவனை நீக்கினால் துணையும் கூடவே போய்விடும் ஜாதிப் பெட்டி இது. ஐந்து மெஷினும் ஒரே நொடியில் அநாதையாகும். அடித்த வரியை அழித்தாள்.

"ஏம் புள்ள நிறுத்திட்ட?" என்றாள் ராமாயி.

"ரேசன் கார்டு மாதிரிங்க அத்தை. குடும்பத் தலைவர் பேர அடிச்சா கார்டே செல்லாமப் போற மாதிரி, பழைய நம்பர எடுத்தா புதுசும் போயிரும். முன்னாடியே, தலைவர் போனா அடுத்தவங்க தலைவராகட்டும்னு பொட்டிகிட்டச் சொல்லி வெக்கோணும்."

"அப்படிச் சொன்னாக் கேக்குமா?"

"கேக்குமுங்க. எதுக்கும் ஒரு தடவ பாத்துக்கறேன்."

தன் சொந்த லேப்டாப்பைத் திறந்து, அதற்கும் இரண்டு நம்பர் கொடுத்து, முதலில் சொல்லி வைக்காமல் தலைவனை நீக்கினாள், இரண்டும் போயின. மறுபடி கொடுத்து, சொல்லி வைத்துவிட்டு நீக்கினாள். துணை தலைவனாகி நின்றது. ராமாயி கண்ணால் பார்த்தாள். மாவு புளித்ததா என்று தொட்டுப் பார்க்கிறவளுக்குப் பரீட்சை பார்த்துச் செய்கிற வேலை புரியாதா? "இதான் சரி," என்றாள். மருமகள் செய்த ஒன்றை அவள் சரி என்று சொன்னது அந்த வீட்டில் அதுவே முதல் தடவை.

தனப்பிரியா பெட்டியிடம் சொல்லி வைத்தாள். மறுபடி வரியை அடித்தாள். போன் அடித்தது. தோளால் அதைக் காதோடு இடுக்கிக்கொண்டு, விசையை அமுக்கினாள்.

"என்ன அம்மணி, எப்பத்தான் பழச எடுப்ப? இங்க நின்னு நின்னு எனக்குக் காலு கடுக்குது," என்றார் மயில்சாமி.

"விளக்கெல்லாம் எப்படீங்க மாமா இருக்குது?"

"அஞ்சும் பச்சதான். அதுக்கென்ன?"

"சூடு?"

"அப்படியேதான் இருக்குது. எப்ப எடுக்கப் போற, அதச் சொல்லு."

"எடுத்துட்டனுங்க மாமா."

"எப்ப?"

"நீங்க பேசிட்டிருக்கறப்பவே."

திரையில் இருபத்தாறு மட்டும் தனியாக, தலைவனாக இருந்தது. கீழே பெட்டி ஓடிக்கொண்டிருக்கும் காலக் கணக்கு, வைத்த நாளிலிருந்து அறுபடாமல் அப்படியே நீண்டுகொண்டிருந்தது. ஒன்றுமே நடக்காததுபோல் இருந்தது. ஒன்றும் நடக்காமல் செய்வதுதான் இந்தத் தொழிலின் உச்சம் என்பது செய்தவர்களுக்குத்தான் தெரியும். பெட்டி மறுபடி எப்போதாவது எழ நேர்ந்தாலும் புது நம்பரோடே எழும்படி அதையும் எழுதி வைத்துவிட்டு, தனப்பிரியா நாற்காலியில் சாய்ந்தாள். பெருமை தாங்கவில்லை. மறைக்கவும் அவள் முயலவில்லை. முகம் முழுக்கச் சிரித்தாள். ராமாயி உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்து, தானே ஆற்றி, அவள் கையில் கொடுத்தாள்.

மறுநாள் மூன்றாவது மெஷினில் குஞ்சு இறங்கியது. கூடம் முழுக்க மஞ்சளாகக் கீச்சுச் சத்தம். ராமாயி பெட்டி பெட்டியாக அடுக்கி அனுப்பிக்கொண்டே, வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும், "பொட்டிய நிறுத்தாமயே நம்பர மாத்துச்சுங்க எங்க புள்ள" என்று கேளாமலே சொன்னாள். டைப் அடிக்கிற பேச்சு அன்றோடு போயிற்று.

சித்தார்த் அடுத்த வாரம் வந்தான். மெஷினைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான், ஓடிய காலக் கணக்கை இரண்டு தடவை பார்த்தான்.

"ஆஃப் பண்ணவே இல்லீங்களா?"

"இல்ல," என்றார் மயில்சாமி, கால்மேல் கால் போட்டுக்கொண்டு.

"ராசிபுரத்துல ஒருத்தர் இதே மாதிரி மாட்டிக்கிட்டு நிக்கறாருங்கய்யா. பண்ணுனவங்க யாரு? அவங்க நம்பர் கொஞ்சம் குடுங்க."

அந்த வீட்டில் யார் நம்பரைக் கேட்டாலும் மயில்சாமி தன் நம்பரைத்தான் கொடுப்பார். சமையலறையில் தனப்பிரியா காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். மயில்சாமி போனை எடுக்கவில்லை, யாரையும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. "எம் மருமகதான்," என்றுவிட்டு, பத்து எண்களையும் ஒரே மூச்சில், மனப்பாடமாகச் சொன்னார். அவளுடைய பழைய நம்பர்.

சித்தார்த் அமுக்கிக்கொண்டான். "பேரு என்னன்னுங்க போட்டுக்கறது? உங்க மருமகள்னு..."

"தனப்பிரியான்னு போடு தம்பி," என்றார் மயில்சாமி. குரலைத் தணிக்காமலே மேலும் சொன்னார்: "நம்பரக் கூட்டிப் பாத்தா எட்டு வரும். வந்தா வந்துட்டுப் போகுது."